இடது காலுக்கு ஒரு வாத்தியார்

இந்தியக் கால்பந்துப் பயிற்சியாளர் ஐதராபாத் சையது அப்துல் ரஹீமைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். 2024ல் வந்த ‘மைதான்’ இந்திப் படமும் அந்தத் தங்கப் பதக்கத்தை நோக்கித்தான் ஓடுகிறது. எனக்கென்னவோ அவர் கதை பள்ளிக்கூடத்தில் இருப்பதாகப் படுகிறது. 1909ல் பிறந்த ரஹீம், உஸ்மானியா பல்கலைக்கழக அணிக்கும் பிறகு உள்ளூர் கமர் கிளப்புக்கும் ஆடினார். நல்ல ஆட்டக்காரர், ஆனால் நாடறிந்த நட்சத்திரம் இல்லை. பிழைப்புக்கு வாத்தியார் வேலை. காச்சிகுடா, சாதர்காட் என்று பள்ளி மாறிப் பாடம் நடத்தினார். உடற்கல்வியில் டிப்ளமோவும் வாங்கினார். ஆட்டக்காரராக இருந்ததைவிட வாத்தியாராக இருந்ததுதான் அவரைப் பெரிய பயிற்சியாளர் ஆக்கியது என்பது என் கட்சி.

அவர் ஐதராபாத்தில் நடத்திய விசித்திரமான போட்டிகளே அதற்குச் சாட்சி. ஒன்றில் பலவீனமான காலால் மட்டும் ஆட வேண்டும். இன்னொன்றில் டிரிப்ளிங் கூடாது, பந்து வந்ததும் பாஸ் கொடுத்துவிட வேண்டும். கேட்கச் சிரிப்பாக இருக்கும். வருசநாட்டு மலையடிவாரத்தில், மூல வைகையை ஒட்டிய கடமலைக்குண்டு மாதிரி ஊரில் பந்து விளையாடும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். பந்து இடப்பக்கம் உருண்டு வந்தால் உடம்பையே ஒரு சுற்றுச் சுற்றி வலது காலுக்குக் கொண்டுவருவான். அதற்குள் எதிராளி முன்னால் வந்து நின்றுவிடுவான். திட்டினால் இது மாறாது. இடது காலால் அடித்தால்தான் கோல் என்று விதி போட்டால், முதல் நாள் பந்து கணுக்காலில் பட்டு வேலிக்கருவைக்குள் போகும். அவனைத் தடுப்பது பாதி கூச்சம்தான். எல்லோரும் ஒரேபோலச் சொதப்பும்போது அது கழன்றுவிடும். இந்தப் பாடத்துக்குப் புல்தரை வேண்டாம், காசும் வேண்டாம். வகுப்பில் நாற்பது பிள்ளைகளை மேய்த்தவருக்குத்தான் இப்படி யோசனை போகும்.

திறமைசாலிகள் வாய்த்தார்கள், ஜெயித்தார் என்பார்கள் சிலர். அவர் பயிற்சியில் ஐதராபாத் சிட்டி போலீஸ் 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது. போலீஸ் வேலை ஆட்களைப் பிடித்து வைத்தது என்பதும் உண்மைதான். ஆனால் திறமை மட்டும் போதுமென்றால் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக் தோல்வி நடந்திருக்காது. முந்தைய ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்த இந்தியா, பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. அதுவும் ரஹீம் காலத்துத் தோல்விதானே என்று கேட்டால், ஆமாம். அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. நான்கே ஆண்டில், மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனார்கள். நெவில் டிசோசா அன்று ஹாட்ரிக் அடித்தார்.

அன்றைய ஆசியக் கால்பந்தே பலவீனம் என்பது இன்னொரு வாதம். ஜகார்த்தா இறுதிப்போட்டியில் எதிரே நின்ற தென்கொரியா இரண்டு முறை ஆசியக் கோப்பை வென்ற அணி. அதே கொரியாவிடம் முதல் ஆட்டத்தில் 2-0 என்று தோற்றுவிட்டு, இரண்டு வாரத்துக்குள் 2-1 என்று ஜெயித்தார்கள். இடையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்கு மண்டையில் அடி, தையல். ரஹீம் அவரை உட்கார வைக்கவில்லை. சென்டர் ஃபார்வர்டாக முன்னால் அனுப்பினார். கல்லூரி நாளில் ஜர்னைல் அந்த இடத்தில் ஆடியவர். மாணவனின் பழைய மதிப்பெண்ணை மறக்காத வாத்தியார் புத்தி இது! அரையிறுதியிலும் இறுதியிலும் ஜர்னைல் கோல் அடித்தார். அடுத்த ஜூனில், 53 வயதில், ரஹீம் புற்றுநோயால் இறந்தார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதற்குப் பிறகு இந்தியாவுக்குத் தங்கம் வரவில்லை.

அவரோடு எல்லாம் போய்விட்டது என்று சொல்லவும் முடியாது. அவருடைய 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜ் இருந்தார். பெருவுக்கு எதிராக அவர் போட்டது ஒலிம்பிக்கில் இந்தியாவின் கடைசி கோல். பின்னாளில் பயிற்சியாளராகி, 1973ல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் கோப்பையை வாங்கித் தந்தவரும் அவரேதான்.