வடாம் பொரிக்கும் வித்தை: வீடியோ பிளேயர் எப்படி இயங்குகிறது?

இரண்டரை மணி நேரப் படம் ஒன்றை ஒரு புள்ளி விடாமல் அப்படியே எழுதி வைத்தால் எவ்வளவு இடம் பிடிக்கும்? ஃபுல் எச்.டி. திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 என்று சுமார் 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் 3 பைட். விநாடிக்கு 25 ஃபிரேம். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 155 மெகாபைட். படம் முடியும்போது கிட்டத்தட்ட 1,400 ஜி.பி. ஆகியிருக்கும். அதே படம் நம் பென்டிரைவில் 2 ஜி.பி.யில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. மீதி எங்கே போயிற்று?

மொட்டை மாடி வெயிலில் காய்ந்து போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்டா நிறையக் கூழ் காய்ச்சி, பிழிந்து, உலர்த்தினால் ஒரு டப்பாவில் அடங்கும் வடாம் மிஞ்சுகிறது. எண்ணெயில் போட்டதும் பூத்துக்கொண்டு எழும்புகிறது. உலர்த்துவது வீடியோவைச் சுருக்குகிறவரின் வேலை, பொரிப்பது பிளேயரின் வேலை. காய்ச்சுவதற்கும் பொரிப்பதற்கும் சேர்த்து ஒரு பக்குவம் உண்டல்லவா, அதன் பெயர்தான் கோடெக். வடாமில் போனது வெறும் தண்ணீர். வீடியோவில் போவது நம் கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்கள். போனது போனதுதான், எந்தப் பிளேயராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மங்கலான பிரின்டை ‘நல்ல பிளேயரில்’ போட்டால் தெளிவாகும் என்று நம்புகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்.

ஊரிலிருந்து வரும் பெட்டியில் வடாம் மட்டுமா இருக்கும்? ஒரு பொட்டலத்தில் வடாம், இன்னொன்றில் புளிக்காய்ச்சல், மேலே ஒரு துண்டுச் சீட்டு. வீடியோ ஃபைலும் அப்படித்தான்: படம், ஒலி, சப்டைட்டில் மூன்றும் தனித்தனிப் பொட்டலங்கள். எம்.பி.4, எம்.கே.வி. என்பவை பெட்டியின் பெயர்கள், பண்டத்தின் பெயர்கள் அல்ல. ‘எம்.பி.4 தானே, நேற்று ஓடியது, இன்று ஏன் குரல் மட்டும் கேட்கிறது?’ என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. பெட்டி பழையதுதான், உள்ளே இருப்பது புது ரக வடாம். 2003-இல் வந்த எச்.264 எந்த அடுக்களையிலும் பொரியும். 2013-இன் எச்.265 ஏறத்தாழ பாதி இடத்தில் அதே தரத்தைத் தருகிறது, ஆனால் காப்புரிமைக் கட்டணம் உண்டு. அதனால்தான் விண்டோஸில் கூடவே வரும் பிளேயர் சில கணினிகளில் அதைத் திறக்கத் தனியாக ஒரு துணைச் செயலியை விலைக்கு வாங்கச் சொல்கிறது. 2018-இல் வந்த ஏ.வி.1, அந்தக் கட்டணம் வேண்டாம் என்ற நோக்கத்தோடே உருவாக்கப்பட்டது.

சுருக்குவதில் இன்னொரு சாமர்த்தியம். எல்லா ஃபிரேமையும் முழுதாக எழுதுவதில்லை. சமையல் நோட்டில் திங்கட்கிழமை மட்டும் முழுக் குறிப்பு, செவ்வாய்க்கு ‘நேற்றைய சாம்பாரே, முருங்கைக்குப் பதில் கத்தரி’, புதனுக்கு ‘அதே, மிளகாய் ஒன்று குறைவு’ என்று எழுதுவதுபோல, அவ்வப்போது ஒரு முழு ஃபிரேம், நடுவில் எல்லாம் மாற்றங்கள் மட்டும். படத்தை நடுவிலே தள்ளிப் போட்டால் சில சமயம் ஒரு நொடி முகங்கள் சாம்பல் பூசி இழுபடும். திங்கட்கிழமைப் பக்கத்தைப் படிக்காமல் புதன்கிழமை சமைக்கத் தொடங்கியதன் விளைவு அது. ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள்.

இனி அடுக்களைக்குள் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்போம். இலவசப் பிளேயர்களில் பெரும்பாலானவற்றில் ஒரே சமையல்காரர்தான். பிரெஞ்சு நிரலாளர் ஃபப்ரீஸ் பெல்லார்டு 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற நிரல் தொகுப்பே அவர். வி.எல்.சி., எம்.பி.வி. இரண்டும் அதைப் பயன்படுத்துகின்றன. மீடியா பிளேயர் கிளாசிக் எச்.சி.யும் லேவ் ஃபில்டர்ஸ் என்ற இடைத் தொகுப்பின் வழியாக அங்கேதான் போய் நிற்கிறது. ஆகவே ‘இதில் ஓடும், அதில் ஓடாது’ என்ற சண்டைக்குப் பெரும்பாலும் பொருளில்லை. பரிமாறும் விதத்தில்தான் வித்தியாசம்.

அதற்கு முன், கையால் அரைப்பதா கிரைண்டரில் அரைப்பதா என்ற விஷயம். கணினியின் மையச் செயலி எதையும் செய்யும், ஆனால் மூச்சு வாங்கும். விசிறி இரைவது அதனால்தான். கிராஃபிக்ஸ் பகுதியில் வீடியோவுக்கென்றே ஒரு கிரைண்டர் உண்டு. அலுங்காமல் அரைக்கும், ஆனால் தனக்குத் தெரிந்த மாவை மட்டும். இன்டெல்லில் 6-ஆம் தலைமுறையிலிருந்து சாதாரண எச்.265, 7-ஆம் தலைமுறையிலிருந்து 10 பிட் எச்.265, 11-ஆம் தலைமுறையிலிருந்து ஏ.வி.1. அதற்கு முந்தைய கணினியில் 4கே படம் திக்கித் திணறினால் பிளேயரை மாற்றிப் பயனில்லை. எச்.264-இல் சின்ன ஃபைலாகத் தேடுங்கள். உங்கள் கிரைண்டர் ஓடுகிறதா என்று அறிய, படம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் ஜி.பி.யு. பக்கத்தில் ‘வீடியோ டீகோட்’ கோடு ஏறுகிறதா பாருங்கள்.

பொரித்ததைப் பந்தியில் நேரத்துக்கு வைக்க வேண்டும். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 40 மில்லி விநாடிக்கு ஒரு தட்டு. கொஞ்சம் முன்கூட்டியே பொரித்து அடுக்கி வைத்துக்கொண்டுதான் பிளேயர் சமாளிக்கிறது. சோறு இலையில் விழும்போது சாம்பார் வராவிட்டால், உதடு ஒன்றும் குரல் ஒன்றுமாகப் போகும். வி.எல்.சி.யில் ஜே, கே விசைகள் குரலை முன்னும் பின்னும் நகர்த்தும். ஜி, எச் விசைகள் சப்டைட்டிலை நகர்த்தும். வேறொன்றும் தெரியாவிட்டாலும் இந்த நான்கு விசைகள் போதும், வீட்டில் மரியாதை கிடைக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? பல பேர் தொடும் வீட்டுக் கணினிக்கு வி.எல்.சி.தான். பாரிஸ் எகோல் சென்ட்ரால் மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது, 2001-இல் கட்டற்ற மென்பொருளானது. இன்று நடத்துவது வீடியோலான் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. விளம்பரம் இல்லை, டி.வி.டி.யும் ஓடும். அழகு என்று சொல்ல முடியாது, அமைப்புப் பக்கங்கள் பழைய அலுவலக அலமாரி மாதிரி இருக்கும். விண்டோஸில் எளிமையும் வேகமும் போதும், நினைவகம் குறைவு என்றால் மீடியா பிளேயர் கிளாசிக் எச்.சி. அதன் பழைய குழு 2017-இல் வேலையை நிறுத்திவிட்டது. இப்போது வேறொருவர் தொடர்ந்து புதுப்பிக்கும் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும். படத்தின் தரத்தைத் தானே திருகிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு எம்.பி.வி. பட்டன்கள் குறைவு, விசைப்பலகையும் ஓர் அமைப்புக் கோப்புமே கதி. மாமியாருக்குப் பரிந்துரைக்க வேண்டாம்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ புரியாத குறிகளாகவோ வந்தால் பெரும்பாலும் துண்டுச் சீட்டின் எழுத்துக் குறியாக்கம்தான் பிரச்சினை. நோட்பேடில் திறந்து, தமிழ் சரியாகத் தெரிந்தால் யு.டி.எஃப்.-8 ஆகச் சேமியுங்கள். பழைய எழுத்துருவில் அடித்ததென்றால் முதலில் யுனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

கடைசியாக, வி.எல்.சி.யை எங்கிருந்து இறக்குவது? 2022 பிப்ரவரி முதல் நவம்பர் வரை வீடியோலான் இணையதளம் இந்தியாவில் முடக்கப்பட்டிருந்தது. இப்போது தடையில்லை. ‘கோடெக் பேக்’ என்று தனியாக எதையும் நிறுவாதீர்கள், மேலே சொன்ன பிளேயர்களுக்குள்ளேயே எல்லாம் இருக்கிறது. தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாமல், முகவரியை நீங்களே அடித்து வீடியோலானின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள்.