மூன்று காலுள்ள இருமுனையம்

மொழியியல் கற்ற ஒருவர் சீரொளிக் கருவியைப் பற்றி எழுதுவது வாசகர் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். பள்ளி விடுமுறையின்போது உயர்நிலை மூன்றில் பயிலும் மாணவர் இருவர் ஒரு பழைய டிவிடி எழுதியுடன் நம் வீட்டுக்கு வந்தனர். வீவக அடுக்குமாடிகளில் பழம்பொருள் வாங்க வரும் காராங் கூனிக்காரரிடம் சில வெள்ளி கொடுத்து அதைப் பெற்றிருந்தனர். அதனுள்ளே இருக்கும் சீரொளி இருமுனையத்தைக் கழற்றி ஒரு கருவி செய்வதும், அதன் செய்முறையைத் தமிழில் எழுதுவதும் அவர்களது திட்டப்பணி. நம்மிடம் வந்தது மொழித் திருத்தத்திற்காக மட்டுமே.

அவர்கள் எழுதியிருந்த குறிப்பில் ஒரு தொடர் நம்மைத் தயங்கச் செய்தது. "சீரொளியைப் பார்க்காதீர்கள்" என்பதே அது. இலக்கணப் பிழை ஏதுமில்லை. சந்தியும் சரியாகவே இருந்தது. எனினும் அத்தொடரை மட்டும் நம்பி நடக்கும் ஒருவர் தம் பார்வையை இழக்கக்கூடும். இதை விளக்குவதற்கு முன், அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியின் மேல் ஒட்டப்பட்டிருந்த சீட்டு, அது 'வகுப்பு 1 சீரொளிப் பொருள்' என்று கூறியது. வகுப்பு 1 என்றால் இயல்பான பயன்பாட்டில் தீங்கு இல்லை என்று பொருள். மாணவர்கள் இதைப் படித்துவிட்டே துணிந்து திருகாணிகளைக் கழற்றியிருந்தனர். ஆனால் அச்சீட்டு பேசுவது மூடிய பெட்டியைப் பற்றியே. உள்ளிருக்கும் ஒளி வெளியே வராது என்பதால்தான் அது வகுப்பு 1 ஆயிற்று. மூடியைத் திறந்த கணத்திலேயே அந்தக் கூற்று பொய்யாகிவிடுகிறது. சீட்டு மட்டும் ஒட்டியபடியே இருக்கிறது. கூற்றின் உண்மை அது சொல்லப்படும் சூழலைச் சார்ந்தது என்று நாம் வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்ததுண்டு. அதற்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு அக்காலத்தில் நமக்குக் கிட்டவில்லை.

இத்தகைய பழைய இயக்கிகள் பலவற்றில் இன்னொரு சீட்டும் உண்டு. திறந்தால் கட்புலனாகாத சீரொளி வெளிப்படும் என்று அது எச்சரிக்கும். ஆங்கிலத்திலும் ஜெர்மானியத்திலும் டேனிய, சுவீடிய, பின்னிய மொழிகளிலும் அவ்வெச்சரிக்கை அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். சில பத்து இலட்சம் பேருக்காக ஒரு மொழியில் எழுத முடிந்தவர்கள் தமிழில் எழுதவில்லையே என்று குறைப்பட்டுக்கொள்வது எளிது. நாமே அதை எழுதினால் எப்படி எழுதுவோம் என்பதே கடினமான கேள்வி.

இனிச் சொற்களுக்கு வருவோம். 'லேசர்' என்பது தூண்டப்பட்ட உமிழ்வினால் ஒளியைப் பெருக்குதல் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. கோர்டன் கூல்டு 1957இல் தம் குறிப்பேட்டில் அச்சொல்லை எழுதினார். தியோடர் மைமன் 1960இல் முதற் கருவியைச் செய்துகாட்டினார். தமிழில் வழங்கும் 'சீரொளி' என்னும் ஆக்கம் நமக்கு மிகவும் உவப்பானது. யாப்பில் சீர் என்பதை அனைவரும் அறிவோம். விளக்கொளியில் அலைகள் சந்தைக் கூட்டம்போல் அவரவர் போக்கில் செல்கின்றன. சீரொளியிலோ அவை சீர் தப்பாத செய்யுளைப்போல் ஒரே நீளத்துடன் ஒன்றோடொன்று அடியொத்து நடக்கின்றன. மாறாக, 'லேசர்' என்று ஒலிக்கையில் 'லேசு' என்பது இளையோர் செவியில் விழுந்து, பொருள் ஏதோ எளிதானதுபோல் தோன்றிவிடுகிறது. இது வெறும் ஒலி ஒப்புமைதான். என்றாலும் குறிப்பிடாமல் இருக்க மனம் வரவில்லை.

'இருமுனையம்' என்பதும் செவ்வையான சொல்லே. இலங்கைப் பாடநூல்கள் 'இருவாயி' என்கின்றன. இரண்டு முனை அல்லது இரண்டு வாய். மின்னோட்டம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். அவ்வாறிருக்க, இயக்கியின் ஒளித்தலையிலிருந்து கழற்றிய சிறு உலோகக் குப்பிக்கு மூன்று கால்கள் இருந்தன. மாணவர்கள் இதைக் கண்டு குழம்பியது இயல்பே. ஏதோ இரண்டு கால்களை மின்கலத்துடன் இணைத்துப் பார்த்ததாகவும், ஒளி வரவில்லை என்றும், ஒருவர் குப்பியைக் கண்ணருகே கொண்டுபோய் உற்று நோக்கியதாகவும் கூறினர். பொருள் கெட்டுவிட்டது என்பது அவர்கள் முடிவு.

மின்னணுத் துறையில் விரிவுரையாளராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவரை உடனே தொலைபேசியில் அழைத்தோம். அவர் கேட்ட முதற் கேள்வி, "கைப்பேசியின் படக்கருவியால் பார்த்தீர்களா?" என்பதே. அவரே வந்து, குப்பியைக் கெட்டியான தாளின்பக்கம் திருப்பி, அதே கால்களை முறையாக இணைத்தார். மேசையில் நமக்குக் கருஞ்சிவப்பாக ஒரு மங்கல் மட்டுமே தெரிந்தது. கைப்பேசித் திரையிலோ ஊதா கலந்த வெண்புள்ளி பளீரென்று நின்றது.

நடந்தது இதுதான். குறுவட்டைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளி தேவை. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு ஒளி. இரண்டையும் கையாள வேண்டிய இயக்கிகள் சிலவற்றில் இரண்டு சீரொளிப் படிகங்களை ஒரே குப்பிக்குள் வைத்து, ஒரு காலைப் பொதுவாக்கியிருப்பர். ஒரு கால் சிவப்புக்கு, ஒரு கால் அகச்சிவப்புக்கு, ஒன்று இரண்டிற்கும். வேறு வகைக் குப்பிகளில் மூன்றாம் கால் சீரொளியின் அளவைக் கண்காணிக்கும் ஓர் ஒளியுணரிக்கு உரியது. ஆகவே மூன்று கால்களைக் கண்டால் பொருளை ஊகிக்கலாகாது. மாணவர்கள் இணைத்தது அகச்சிவப்புக்குரிய கால். அது எரிந்துகொண்டுதான் இருந்தது. நல்வினையாக, அவர்கள் பயன்படுத்திய மின்கலம் பழையது. மின்னோட்டம் மிகக் குறைவு.

அந்தக் கண்ணுக்கு வேறென்ன நேர்ந்திருக்கக்கூடும்? விழியின் முன்பகுதி ஒரு வில்லை. இணையாக வரும் ஒளியை விழித்திரையில் ஒரு நுண்புள்ளியாக அது குவிக்கிறது. அவ்வாறு குவிகையில் பரப்பலகுக்குரிய ஒளித்திறன் ஏறத்தாழ ஓரிலட்சம் மடங்கு பெருகும். இந்த அகச்சிவப்பும் விழித்திரைவரை தங்குதடையின்றிச் செல்லக்கூடியது. பொதுவாக ஒளி மிகுந்தால் நாம் நம்மையறியாமல் இமைக்கிறோம். கால் நொடிக்குள் கண் மூடிக்கொள்ளும். 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத வகுப்பு 2 சுட்டொளிக் கருவிகளுக்குப் பாதுகாப்பாகக் கருதப்படுவது இந்த இமைப்புதான். ஆனால் இமைப்பைத் தூண்டுவது ஒளியின் திறன் அன்று. நமக்குத் தோன்றும் பிரகாசமே. 780 நானோமீட்டர் ஒளி எவ்வளவு வலியதாயினும் மங்கலாகவே தோன்றுவதால் இமை மூடுவதில்லை. புளூ-ரே இயக்கியின் 405 நானோமீட்டர் ஊதா ஒளியும் தன் திறனுக்கு ஏற்ற பிரகாசத்தைக் காட்டுவதில்லை. விழித்திரையில் வலியுணர்வும் இல்லை. வட்டில் எழுதும் சிவப்பு இருமுனையமோ 100 மில்லிவாட்டையும் கடக்கக்கூடியது. 5 முதல் 500 மில்லிவாட் வரையிலானவை வகுப்பு 3பி ஆகும். சிங்கப்பூரில் உயர்திறன் சீரொளிக் கருவிகள் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருகின்றன என்பதையும் ஆசிரியர்கள் மனத்திற் கொள்வது நன்று.

வில்லை பொருத்தாத இருமுனையத்தின் ஒளி விசிறிபோல் விரிந்து செல்லும். எனவே தொலைவில் இருப்பவருக்கு ஊறு குறைவு. குப்பியைக் கண்ணருகே கொண்டுபோய், "ஏன் எரியவில்லை?" என்று ஆராய்பவருக்கே ஊறு மிகுதி.

இப்போது அந்தத் தொடரைத் திரும்ப நோக்குவோம். "சீரொளியைப் பார்க்காதீர்கள்." பார்த்தல் நாம் விரும்பிச் செய்யும் வினை. காணுதல் வேறு, பார்த்தல் வேறு என்பதைத் தமிழ் அறிந்தோர் உணர்வர். விலக்கப்பட்டது விரும்பிச் செய்யும் வினை. ஆனால் தீங்கு அவ்வினையால் வருவதன்று. கதவின் உலோகக் கைப்பிடியில் பட்டுத் தெறித்த ஒளி, வேறெங்கோ நோக்கிக்கொண்டிருப்பவர் கண்ணிலும் புகும். அகச்சிவப்பைப் பொறுத்தவரை அத்தொடருக்குப் பொருளே இல்லை. தெரியாததை ஒருவர் எவ்வாறு பார்க்காமல் இருப்பார்? அந்த மாணவர் சீரொளியைப் பார்க்கவில்லை. எரியாத ஒரு குப்பியைத்தான் பார்த்தார். அவர் தாமே எழுதிய விதியை மீறவுமில்லை.

எனவே தொடரின் எழுவாயை மாற்ற வேண்டும் என்று கருதினோம். விலக்கப்பட வேண்டியது மனிதரின் பார்வை அன்று, ஒளியின் போக்கு. 'ஒளி கண்ணுக்குள் செல்ல இடங்கொடாதீர்' என்பது அழகில்லாத தொடர்தான். அறிவியல் தமிழில் பணியாற்றிய நம் தலைமுறையினர் கலைச்சொல்லாக்கத்திற்குச் செலவிட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்கை இத்தகைய தொடராக்கத்திற்குச் செலவிட்டிருக்கலாம். இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.

மாணவர்களின் திட்டத்தை அப்படியே கைவிடச் சொல்வது நண்பருக்கு உடன்பாடில்லை. பழம்பொருளிலிருந்து கற்பது நல்ல வழக்கம் என்பது அவர் எண்ணம். சுங்கை ரோட்டுப் பழம்பொருள் சந்தை 2017இல் மூடப்படும்வரை அவரே அங்கு வாரந்தோறும் சுற்றியவர். பலூனை வெடிக்கச் செய்வது, தீக்குச்சியைப் பற்றவைப்பது என்னும் வேடிக்கைகளை விலக்கி, அவர் வேறொரு சோதனையை முன்வைத்தார். இருமுனையம் எந்தக் கட்டத்தில் சீரொளி ஆகிறது என்பதை அளந்தறிதலே அது.

அதன் அடிப்படை இது. குறைகடத்திப் படிகத்தில் மின்னோட்டம் பாய்கையில் எதிர்மின்னிகள் தம் ஆற்றலை ஒளியாக விடுகின்றன. மின்னோட்டம் குறைவாயின் ஒவ்வொன்றும் தன்போக்கில் உமிழும்; அது சாதாரண ஒளியுமிழ் இருமுனையமே. ஒரு வரம்பைக் கடந்ததும், படிகத்தின் இரு முகங்களுக்கிடையே முன்னும் பின்னும் செல்லும் ஒளி புதிய உமிழ்வைத் தூண்டி, தன்னை ஒத்த ஒளியைப் பெருக்குகிறது. ஐன்ஸ்டைன் 1917இல் கருத்தளவில் கூறியதை இராபர்ட் ஹால் 1962இல் ஒரு குறைகடத்தியில் நிகழ்த்திக் காட்டினார். கடுங்குளிரில் மட்டுமே இயங்கிய அது, அறை வெப்பநிலையில் தொடர்ந்து இயங்க 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1982இல் குறுவட்டு விற்பனைக்கு வந்தது.

இருமுனையத்தை மின்கலத்துடன் நேரே இணைப்பது தவறு. அது சூடேறினால் அதே அழுத்தத்தில் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, மேலும் சூடேறி அழியும். மின்னோட்டத்தை நிலையாக வைக்கும் சுற்று வேண்டும். எல்எம்317 என்னும் மலிவான சில்லே போதும். அது தன் இரு முனைகளுக்கிடையே 1.25 வோல்ட்டைக் காத்து நிற்பதால், அவ்விடத்தில் 25 ஓம் மின்தடையை வைத்தால் மின்னோட்டம் 50 மில்லிஆம்பியருக்கு மேற்செல்லாது. தொடரில் ஒரு மாறு மின்தடையைச் சேர்த்தால் அதனைக் குறைத்துக்கொள்ளலாம். விரலிலுள்ள நிலைமின்னேற்றமே இருமுனையத்தைக் கொல்லப் போதுமானது. கொல்லப்பட்டதும் பெரும்பாலும் முழுவதும் அணையாது, மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். சீர் போய் ஒளி மட்டும் எஞ்சும்.

சிவப்புக்குரிய காலைச் சரியாகக் கண்டறிந்து, கறுப்பு வண்ணம் பூசிய தகரப் பெட்டிக்குள் குப்பியையும் எதிர்ப்புறத்தில் ஒரு சிறு சூரிய மின்கலத்தையும் பொருத்தினர். மூடியைத் திறந்தால் மின்சாரம் தானே நின்றுவிடும்படி ஒரு பொத்தானும் வைத்தனர். ஒளி வெளியே வருவதே இல்லை. அளவைமானியின் எண்களை மட்டும் குறித்துக்கொண்டனர். மின்னோட்டத்தைச் சிறுகச் சிறுக உயர்த்தியபோது வரைகோடு நெடுநேரம் தரையோடு ஒட்டிச் சென்றது. 40 மில்லிஆம்பியரை நெருங்கியபோது சட்டென்று முழங்கால் மடக்கினாற்போல் மேலே எழுந்தது. அந்த மடிப்பின் இடப்பக்கம் ஒளி, வலப்பக்கம் சீரொளி. ஒரு சொல்லின் பொருளெல்லை வரைபடத்தாளில் இத்துணைத் தெளிவாக விழுந்ததை நாம் அதற்குமுன் கண்டதில்லை. மாணவர்களைவிட நமக்கே மகிழ்ச்சி மிகுதி என்று நண்பர் கேலி செய்தார்.

பெட்டியின் மேல் ஒட்டுவதற்கான தமிழ்ச் சீட்டை அன்று மாலை எழுதினோம். 'மூடிய நிலையில் மட்டுமே இயக்குக. திறந்தால், தெரியும் ஒளியும் தெரியாத ஒளியும் வெளிப்படக்கூடும். நேராகவோ தெறித்தோ ஒளி கண்ணுக்குள் செல்ல இடங்கொடாதீர்.' இளைய மாணவர் அதைப் படித்துவிட்டு, நீளமாக இருக்கிறது, யாரும் முழுவதும் படிக்கமாட்டார்கள் என்றார். பிறகு சீட்டின் தலைப்பில் தடித்த எழுத்தில் தாமே ஒரு வரி சேர்த்தார்: 'எரியவில்லை என்று நினைத்துக் குனியாதே.' ஏவல் ஒருமையில் இருந்தது. நம் வரிகளின் மரியாதைப் பன்மையோடு ஒட்டவில்லை. அதை நாம் திருத்தவில்லை.