சாக்ஸபோன் வாசிச்சே வீட்டு வாடகை கட்ட முடியுமா?



ராயபுரம் பக்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போனா, ஓரத்துல ஒருத்தர் சாக்ஸபோன் வாசிச்சுட்டு நிற்பார். ‘டூயட்’ படத்து மெட்டு வந்ததும் பந்தியில இருக்கிறவங்ககூட ஒரு நிமிஷம் திரும்பிப் பார்ப்பாங்க. அப்புறம் பிரியாணிக்குப் போயிடுவாங்க. அந்த மனுஷனோட மாச வருமானம் எவ்வளவுன்னு யாரும் யோசிக்கிறதில்ல. நாம இன்னைக்கு அதைத்தான் யோசிக்கப் போறோம். ஏன்னா மணலியிலயும் துறைமுகத்துலயும் வேலை பார்த்துக்கிட்டே, வார இறுதியில சர்ச்லயோ கச்சேரியிலயோ வாசிக்கிற நிறைய பேருக்கு மனசுக்குள்ள ஒரே கேள்விதான்: வேலையை விட்டுட்டு முழுநேரமா வாசிக்கப் போயிடலாமா?

அந்த ‘டூயட்’ சாக்ஸ்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 1994-ல வந்த படம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை. திரையில பிரபு வாசிக்கிற மாதிரி வரும். உண்மையில வாசிச்சவர் கத்ரி கோபால்நாத். மங்களூர் பக்கத்துக்காரர், அப்பா நாதஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டுல சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதுல கர்நாடக சங்கீதத்தைக் கொண்டுவர வருஷக்கணக்கா உழைச்சார். சென்னையில டி.வி.கோபாலகிருஷ்ணன்கிட்ட கத்துக்கிட்டார். அதே 1994-ல லண்டன் பிபிசி ப்ராம்ஸ் மேடையில வாசிச்சார். 2004-ல பத்மஸ்ரீ. 2019-ல காலமானார்.

அவர் ஜாஸ் கலைஞர் இல்ல. ஆனா அவரோட சேர்ந்து வாசிச்ச ரெண்டு ஜாஸ் சாக்ஸ் கலைஞர்களைக் கவனிங்க. ஒருத்தர் ஜான் ஹேண்டி. 1980-ல பம்பாய் ஜாஸ் விழாவுல கத்ரியோட மேடை ஏறினவர். இன்னொருத்தர் ருத்ரேஷ் மகந்தப்பா. 2008-ல வந்த ‘கின்ஸ்மென்’ ஆல்பத்துல ரெண்டு பேரும் சேர்ந்து வாசிச்சிருக்காங்க. ஹேண்டி சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துல பாடம் எடுத்தவர். மகந்தப்பா 2016-ல இருந்து பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஜாஸ் பிரிவுக்கு இயக்குநர். அந்த வேலைக்குப் போன பிறகும் அவர் ஆல்பம் போடுறதை நிறுத்தல.

உலகத் தரத்துல வாசிக்கிற ரெண்டு பேர். ரெண்டு பேருமே வாத்தியார்கள். மேடை கிடைக்காதவங்கதான் கிளாஸ் எடுப்பாங்கன்னு நம்ம ஊர்ல ஒரு நினைப்பு இருக்கு. அது தப்புன்னு காட்ட இதுவே போதும். ஆனா பணக்கணக்கு புரியணும்னா ஜாக்கி மெக்லீனைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்.

மெக்லீன் நியூயார்க் ஹார்லெம்ல வளர்ந்த ஆல்டோ சாக்ஸ் கலைஞர். அந்தக் காலத்துல நியூயார்க்ல மது விற்கிற கிளப்ல வாசிக்கணும்னா போலீஸ் கொடுக்கிற ஒரு அட்டை வேணும். ‘கேபரே கார்டு’ன்னு பேரு. போதை வழக்குல சிக்கினதால 1950-களோட கடைசியில அவருக்கு அந்த அட்டை போச்சு. அதாவது, தன்னோட சொந்த ஊர் கிளப்கள்ல வாசிச்சுச் சம்பாதிக்கிற வழி ஒரே நாள்ல அடைபட்டுச்சு. அந்தச் சட்டத்தை 1967-லதான் எடுத்தாங்க. நடுவுல ப்ளூ நோட் கம்பெனிக்கு ரெக்கார்டிங், ஒரு நாடகத்துல வேஷம்னு ஓட்டினார். கேட்க நல்லா இருக்கும், ஆனா இதெல்லாம் அவங்க கூப்பிட்டாத்தான் வேலை.

அப்புறம்தான் ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தோட இசைக் கல்லூரியான ஹார்ட் ஸ்கூல்ல பாடம் எடுக்கப் போனார். 1970-ல தன் மனைவி டாலியோட சேர்ந்து அதே ஊர்ல ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் கலெக்டிவ்’னு ஒரு கலைப் பள்ளியும் ஆரம்பிச்சார். வசதி குறைஞ்ச வீட்டுப் பிள்ளைகளுக்கு இசை, நடனம் எல்லாம் சொல்லிக் கொடுக்கிற இடம். ஊரோட வட பகுதியில இன்னைக்கும் நடக்குது. வட ஹார்ட்ஃபோர்ட்டை மத்த ஏரியாக்காரங்க பார்க்கிற பார்வை, வட சென்னையைப் பார்க்கிற பார்வைக்குக் கிட்டத்தட்ட சொந்தம்தான்! 2000-ல பல்கலைக்கழகம் தன்னோட ஜாஸ் துறைக்கே அவர் பேரை வச்சுது. வாத்தியார் ஆன பிறகும் அவர் வாசிக்கிறதை விடல. 2006-ல இறந்தார்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழ வர்ற ரூபாய் எல்லாம் உதாரணத்துக்கு நான் வச்சது. உங்க நம்பரைப் போட்டு நீங்களே மாத்திக்குங்க.

ஒரு நிகழ்ச்சிக்கு 3,000 ரூபாய்னு வச்சுக்குவோம். வாசிக்கிறது ரெண்டு மணி நேரம்தான், அப்போ மணிக்கு 1,500 ரூபாய்னு தோணும். அப்படி இல்லைங்க. அஞ்சு மணிக்கு மண்டபத்துல இருக்கணும். சவுண்டு செக். பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏற எட்டு மணி ஆகும். எல்லாம் முடிச்சு வீடு வந்து சேர பன்னிரண்டு. ஆக ஏழு மணி நேரம், மணிக்கு 430 ரூபாய்கூட தேறாது. இன்னொரு பக்கம், மாசம் 1,500 ரூபாய்க்கு வாரம் ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தா மணிக்கு 375. மேடைக்கும் கிளாஸுக்கும் இடைவெளி நாம நினைச்ச அளவு பெருசா இல்ல பாருங்க.

இந்த 375 ரூபாய் மாணவர் உங்க வீட்டுக்கு வந்தாத்தான். எண்ணூர்ல இருந்து ஷேர் ஆட்டோ பிடிச்சு, விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி, நீங்க அவர் வீட்டுக்குப் போனா? போக வர ஒன்றரை மணி நேரம்னாகூட மணிக்கு 150 ரூபாய்தான் நிக்கும், டிக்கெட் காசு தனி. அதே நேரம், நாலு பேரை ஒண்ணா உட்கார வச்சு ஆளுக்கு 1,000 வாங்கினா மணிக்கு 1,000 ரூபாய். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறது கௌரவமா தெரியலாம், எனக்கு அது நஷ்டமாத்தான் தெரியுது.

அடுத்தது சீசன். ஆடியில முகூர்த்தம் இல்ல. அம்மன் கோயில் திருவிழா உண்டு, ஆனா அங்க பம்பைக்குத்தான் முதல் மரியாதை. மார்கழியிலயும் கல்யாணம் இல்ல, கிறிஸ்துமஸ் புண்ணியத்துல கொஞ்சம் ஓடும். தவக்காலத்துல சர்ச் கல்யாணமும் குறைஞ்சிடும். நல்ல மாசத்துல எட்டு நிகழ்ச்சி, 24,000 ரூபாய். காஞ்ச மாசத்துல பூஜ்யம். வீட்டு ஓனர் ஆடி மாசம்னு வாடகையை விட்டுக் கொடுக்க மாட்டார்.

இங்கதான் கிளாஸ் வேலை செய்யுது. எட்டு மாணவர், ஆளுக்கு 1,500, மாசம் 12,000 ரூபாய். பரீட்சை நேரத்துல சிலர் நின்னுடுவாங்க, அதனால 30 சதவீதம் கழிச்சு 8,400-னு எடுத்துக்குவோம். குடும்பச் செலவு 18,000 ரூபாய்னா, துண்டு விழுறது 9,600. ஆறு மாசத்துக்கு அவசர நிதி 57,600 ரூபாய் போதும். கிளாஸே இல்லாதவருக்கு? அதே ஆறு மாசத்துக்கு 1,08,000 ரூபாய் ஒதுக்கி வைக்கணும். கிளாஸ் வருமானம் உங்க அவசர நிதியை ஏறக்குறைய பாதியாக்கிடுது. இதை விடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. காசு பாக்கி வைக்கிற, மரியாதை இல்லாம நடத்துற நிகழ்ச்சிக்கு ‘வரலைங்க’ன்னு சொல்ற தைரியம் வரும்.

இன்னொரு விஷயம், மாணவர்தான் உங்க அடுத்த மேடைக்கும் வழி. இதுக்கு அமெரிக்கா போக வேண்டாம், திருவொற்றியூரே போதும். தியாகராஜ சுவாமிகள் இங்க வந்து திரிபுரசுந்தரி மேல அஞ்சு கீர்த்தனை பாடினதே, சிஷ்யர் வீணை குப்பய்யர் கூப்பிட்டதாலதான். இன்னைக்கு அது ‘திருவொற்றியூர் பஞ்சரத்னம்’.

கிளாஸுக்கும் விலை உண்டு. உங்க சாதக நேரத்தைத் தின்னும். சாயங்காலம் மூணு மணி நேரம் ஆரம்பப் பாடமே சொல்லிக் கொடுத்தா, ராத்திரி உங்க வாசிப்புக்கு மூச்சு மிச்சம் இருக்காது, சாக்ஸ்ல அது நிஜமாவே மூச்சுதான். அதனால வாரத்துல ரெண்டு நாள் கிளாஸே கூடாதுன்னு முதல்லயே ஒதுக்கிடுங்க. அப்புறம் வாத்தியச் செலவு. ரீடு தேஞ்சுகிட்டே இருக்கும். காசிமேடு, எண்ணூர் மாதிரி கடல் காத்து அடிக்கிற இடத்துல சாவிகளுக்குக் கீழ இருக்கிற ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மாசம் 500 ரூபாயாவது வாத்தியத்துக்குன்னு தனி ஆர்.டி. போட்டு வைங்க.

இப்போ முதல் கேள்வி, வேலையை விடலாமா? என்னைக் கேட்டா இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு வாசிக்கிற சுதந்திரத்தைக் கொடுக்கிறதே மாசம் பிறந்தா வர்ற சம்பளம்தான். அதோட பி.எஃப்.ல கம்பெனி போடுற பங்கு, குரூப் மெடிக்கல் ரெண்டும் வேலையை விட்ட அன்னைக்கே நிக்கும். மேடை வருமானத்தைச் சுத்தமா மறந்துட்டு, கிளாஸ் வருமானத்துல 30 சதவீதம் கழிச்ச பிறகும் குடும்பச் செலவுல முக்கால்வாசி வருதான்னு பாருங்க. தொடர்ந்து ஒரு வருஷம், ஆடியும் மார்கழியும் தாண்டி, அப்படி வந்தா அப்புறம் பேசலாம். அதே சமயம், சம்பளம் ஒண்ணை மட்டுமே நம்பி இருக்கிறவர் கையிலயும் ஒரே ஒரு கேபரே கார்டுதான் இருக்கு. வாரத்துக்கு நாலு மாணவரோட இன்னைக்கே ஆரம்பிக்கலாம், அதுக்கு யாரும் வேலையை விட வேண்டியதில்ல.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு வேலை. உங்க ஆஃபர் லெட்டர்ல வெளி வேலைக்குத் தடை இருக்கான்னு படிச்சுப் பாருங்க, இருந்தா ஹெச்.ஆர்.கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. கிளாஸ் பணத்துக்குத் தனி பேங்க் அக்கவுண்ட் திறந்து, யூபிஐ எல்லாம் அதுலயே வர்ற மாதிரி வைங்க. இது சம்பளத்துக்கு மேல வர்ற தொழில் வருமானம், அதனால வழக்கமா போடுற ஐ.டி.ஆர்.1 படிவம் இனி செல்லாது. டி.டி.எஸ். போக வருஷத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல வரி பாக்கி வந்தா அட்வான்ஸ் டாக்ஸும் கட்டணும், முதல் தவணை ஜூன் 15.