முதிர்ந்த தானிய விஸ்கியின் சுவை

மதுவைப் பற்றி நம் திங்களிதழில் கட்டுரையா என்று அன்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். குடியைப் புகழ யாம் முன்வரவில்லை. தானியமும் மரமும் காலமும் சேர்ந்து ஆக்கிய ஓர் அரும்பொருளின் வரலாற்றைச் சொல்லவே விழைகின்றோம்.

ஸ்காட்லாந்தின் விஸ்கி என்றதும் பலர் நினைவில் எழுவது, முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து செப்புக் கொப்பரையில் வடிக்கப்படும் மால்ட் விஸ்கியே. கேழ்வரகை முளைகட்டி மாவாக்கும் நம் இல்லத்தரசியர்க்கு, முளைத்த தானியத்தில் இனிப்பு ஏறும் என்பது தெரிந்ததே. இதன் உடன்பிறப்பான தானிய விஸ்கியோ வேறு வகையினது. மக்காச்சோளத்தை அல்லது கோதுமையை வேகவைத்து, முளைகட்டிய வாற்கோதுமை சிறிது சேர்த்து நொதிக்கச் செய்து, தூண்போல் உயர்ந்த கலத்தில் இடையறாது வடிப்பர். இக்கலத்தைச் சீர்திருத்தி 1830-இல் காப்புரிமை பெற்றவர் ஈனியாஸ் காஃபி. அயர்லாந்தில் ஆயத்தீர்வை அதிகாரியாய் இருந்தவர். கள்ளச்சாராயத்தைத் துரத்தியவரே சாராயம் வடிக்கும் பெரும்பொறியை உலகுக்கு அளித்தது வேடிக்கைதான்! அவருடைய நாட்டார் அதனைப் பெரிதும் விரும்பவில்லை. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தார் விரும்பி ஏற்றனர்.

எனினும் தானிய விஸ்கிக்கு மதிப்புக் கிட்டவில்லை. மால்ட்டின் முரட்டுத்தன்மையைத் தணிக்கும் ஏவலாளாகவே அதனைக் கலவைகளில் சேர்த்தனர். லண்டனில் இஸ்லிங்டன் நகரவையினர் 1905-இல் தொடுத்த வழக்கில், அது விஸ்கியே அன்று என்னும் கருத்தில் தீர்ப்பும் வந்தது. 1908-இல் அமைந்த அரச ஆணைக்குழு ஆராய்ந்து, மறு ஆண்டில், அதுவும் விஸ்கியே என்று அறிவித்த பின்னரே பூசல் ஓய்ந்தது.

இன்று 2009-ஆம் ஆண்டின் விதிகள் ஸ்காட்ச் விஸ்கியை ஐந்தாக வகுக்கின்றன. வெவ்வேறு வடிசாலைகளின் தானிய விஸ்கிகளை மட்டும், மால்ட் விஸ்கி கலவாது, ஒன்றுசேர்த்தால் அது கலவைத் தானிய விஸ்கி. புட்டியில் 40 ஆண்டு என்று பொறித்திருப்பின், அதிலுள்ளவற்றுள் இளையதன் வயதே அது.

அத்துணை முதுமை எளிதில் வாய்ப்பதன்று. ஓக் மரப்பீப்பாயில் உறங்கும் விஸ்கி ஆண்டுதோறும் ஆவியாய்க் குறையும். இதனைத் தேவதைகளின் பங்கு என்பர். நூற்றுக்கு இரண்டு வீதம் கொண்டாலும், 40 ஆண்டில் பாதிக்கு மேல் போய்விடும். சாராய வலிமை நூற்றுக்கு 40-க்குக் கீழ் இறங்கினால் விஸ்கி என்னும் பெயரையும் இழக்கும். பெங்களூரின் வெப்பத்திலோ ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து அளவில் போய்விடுகிறது; அங்கே 40 ஆண்டு காத்திருப்பவனுக்குப் பீப்பாய்தான் மிஞ்சும்.

இனிச் சுவைக்கு வருவோம். அடி அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கிண்ணத்தில் சிறிதளவே ஊற்றுதல் வேண்டும். சோடாவும் பனிக்கட்டியும் இங்கே குற்றம் என்றே சொல்வேன். சற்று நேரம் விட்டு, வாயைச் சிறிது திறந்தபடி மெல்ல முகர வேண்டும். முதலில் வனிலா, அடுத்துத் தேங்காய்! முன்பு போர்பன் இருந்த அமெரிக்க ஓக் பீப்பாயின் லாக்டோன் என்னும் பொருள் தரும் மணம் இது. பின்னர்ப் பழுத்த வாழையும், வெண்ணெயிட்டுக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும், பழைய மரப்பேழையைத் திறந்தாற்போன்ற வாசமும் வரும். நாவில் எரிச்சல் இல்லை. எண்ணெய்போல் வழுக்கிச் செல்லும். இரண்டு துளி நீர் விட்டு மீண்டும் முகர்ந்தால் வேறு மணங்கள் தலைதூக்கும். ஆயினும் முதுமை எல்லாம் சிறப்பன்று. பீப்பாய் தீயதாயின் மரத்தின் கசப்பே மேலோங்கி நாவை வறட்டும். அத்தகையதற்குப் பொன் கொடுப்பது வீண்.

இவற்றுட் சில, உலை அவிந்த வடிசாலைகளின் எச்சம். எடின்பரோவின் கலிடோனியன் 1988-இலும், கேம்பஸ் 1993-இலும், கிளாஸ்கோவின் போர்ட் டண்டாஸ் 2010-இலும் மூடப்பட்டன. கலிடோனியனின் நெடிய புகைபோக்கி மட்டும் குடியிருப்புகளிடையே நிற்கிறது. அங்கே வடித்தது ஒவ்வொரு புட்டி திறக்கும்போதும் குறைகிறது. அதனை ஈடுசெய்ய எவராலும் இயலாது.

வெளிநாட்டு உறவினர் கொணர்ந்த புட்டியை அலமாரியில் வைத்துப் பூட்டியிருப்போர்க்கு ஒரு சொல். கண்ணாடியினுள் விஸ்கிக்கு வயது ஏறாது. பன்னீராண்டுச் சரக்கு எத்தனை தீபாவளி கண்டாலும் பன்னீராண்டே. புட்டியைக் கிடத்தாமல் நிமிர்த்தி வைக்க. கிடத்தினால் தக்கை அரிக்கப்படும்.