ஒரு புரதம் ஏன் பின்தங்குகிறது?

கல்முனையிலோ குருநாகலிலோ, சோகையால் வெளிறிய பிள்ளையின் ஈமோகுளோபினில் பிறழ்வுண்டோ என வைத்தியர் ஐயுறும்போது, இரத்தப் பரிசோதனை அப்புரதத்தின் மின்னேற்றத்தையே வினவுகிறது. புரதமும் ஒரு பல்பகுதியம், அதன் கோவையிலுள்ள அமினோ அமிலங்களிற் சில நேரேற்றமும் சில மறையேற்றமும் தாங்குவதால், காரக் கரைசலில் நனைத்த சவ்வின்மீது மின்சாரம் செலுத்தினால், மறையேற்றம் மிகுந்தது நேர்முனையை நோக்கி விரைந்து நகரும், இதுவே எலெக்ட்ரோபொரேசிஸ்.

இலங்கைத் தலசீமியா நோயாளருள் ஒரு பகுதியினரிடம் காணப்படும் ‘ஈ’ வகை ஈமோகுளோபினில், பீட்டாக் கோவையின் 26ஆவது இடத்தில், மறையேற்றமுள்ள குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதிலாக நேரேற்றமுள்ள லைசின் அமர்ந்திருக்கிறது. கோவைக்கு இரண்டு, இரு பீட்டாக் கோவைகளுள்ள மூலக்கூறுக்கு நான்கு அலகு வித்தியாசம்! ஆகவே அது சாதாரண ஈமோகுளோபினைவிடப் பின்தங்குகிறது. 1949இல் லைனஸ் போலிங் குழுவினர் எலெக்ட்ரோபொரேசிஸாலேயே அரிவாட்கலச் சோகையை மூலக்கூற்றின் நோயென நிரூபித்தமை, மருத்துவ விஞ்ஞானத்தின் மகத்தான சாதனை என்பேன். எனினும் ‘ஏ2’ வகை ஈமோகுளோபினும் சவ்வில் ‘ஈ’ நிற்கும் அதே இடத்திலேயே நிற்பதால், அளவை நோக்கியும் வேறொரு முறையாலும் நிச்சயித்தல் அவசியம்.