பெண் வீட்டில் கை நனைக்காத அப்பா



தந்தைக்கு நன்றிக் கடன் தீர்ப்பதிலே முன்னால் நிற்பவர் மகனா, மகளா? இதுதானே தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு குறளோடு வந்தார். மக்கட்பேறு அதிகாரத்தின் கடைசிக் குறள், 70-ஆவது குறள். இவனைப் பெறுவதற்கு இவன் அப்பன் என்ன தவம் செய்தானோ என்று ஊர் வியக்கும்படி நடப்பதுதான் மகன் தந்தைக்குச் செய்கிற உதவி என்று அதற்குப் பொருள் சொன்னார். சொல்லிவிட்டு, "வள்ளுவர் மகன் என்றுதானே சொன்னார், மகள் என்றா சொன்னார்?" என்று ஒரு கேள்வியும் கேட்டு, கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நல்லா இருந்துச்சு. நானே கைதட்டினேன். (சிரிப்பு)

அந்தக் குறளுக்கு எடுத்துக்காட்டுத் தேடி என்னோடு புதுக்கோட்டைக்கு வாருங்கள். அப்போது அது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். அங்கே மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர் நாராயணசாமி ஐயர். அவர் மனைவி சந்திரம்மாள், தேவதாசி மரபிலே வந்தவர். இந்த உறவுக்காக ஐயரை அவர் சொந்தக்காரர்களே ஒதுக்கிவைத்தார்கள். 1886-ல் இவர்களுக்குப் பிறந்த மகள்தான் முத்துலட்சுமி.

பெண் பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அன்றைய வழக்கம் அது. அம்மா மாப்பிள்ளை தேட நினைத்தார். அந்த அம்மாவைக் குறை சொல்லாதீங்க. அந்தக் குலத்திலே பிறந்த ஒருத்திக்கு, மகள் கழுத்திலே சீக்கிரம் ஒரு தாலி ஏறணும் என்று பயம் இருக்காதா? ஆனால் பெண்ணின் மனசு படிப்பிலே இருந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள்ளே வந்தது. வீட்டிலேயே பாடம் கேட்டு மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்தது கல்லூரி. ஆண்கள் படிக்கிற கல்லூரியிலே ஒரு பெண்ணா, அதுவும் இந்தத் தாய் வயிற்றுப் பெண்ணா என்று எதிர்ப்பு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் குறுக்கிட்டு இடம் கொடுக்கச் சொன்னார். அந்தப் பெண் 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அந்த மகள் கைம்மாறாக என்ன செய்தார்? 1926-ல் சென்னை சட்டமன்றத்துக்குப் போனார், அடுத்த ஆண்டே அதன் துணைத் தலைவரானார். தாய் பிறந்த குலத்தைக் கட்டிப்போட்டிருந்த பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்து அங்கே குரல் கொடுத்தார். 1947-ல் அது சட்டத்தால் ஒழிந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக 1930-ல் ஔவை இல்லம். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் 1954-ல் அடையாறிலே புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைத்தார். அப்பா தன் வீட்டுக்குள் ஒரு பெண்ணுக்குக் கொடுத்ததை இவர் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கொடுத்தார். என்ன தவம் செய்தானோ என்று இந்த நாராயணசாமி ஐயரைப் பார்த்துக் கேட்காமல் வேறு யாரைப் பார்த்துக் கேட்பது நண்பரே? (கைதட்டல்)

சரி, அவங்க பெரிய மனுஷி. நம்ம வீட்டுக்கு வருவோம்.

நம்ம வீட்டிலே ஒரு சிக்கல் இருக்கிறது. மகள் நன்றி காட்டத் தயார்தான். வாங்கிக்கொள்ள அப்பா தயாராக இல்லையே! "பொண்ணு வீட்டுல கை நனைக்கிறதா?" என்பார். கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க அப்பா வருகிற அழகைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சள் பையிலே முருங்கைக்காய், முறுக்கு. நாற்காலியின் நுனியிலே உட்காருவார். "சாப்பிடுங்கப்பா" என்றால், "இப்பத்தாம்மா வழியில சாப்பிட்டேன், காபி மட்டும் போதும்" என்பார். கண்ணு மட்டும் கடிகாரத்து மேலேயே இருக்கும், மூணரை மணி பஸ்ஸுக்கு. கொடுத்த இடத்திலே கை ஏந்தக் கூடாது, சம்பந்தி வீட்டார் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது, தன்னால் மகள் தலை குனியக் கூடாது. இத்தனையும் அந்த ஒரு டம்ளர் காபிக்குப் பின்னாலே இருக்கிறது. மகன் வீட்டிலே சாப்பிட்டால் உரிமை, மகள் வீட்டிலே சாப்பிட்டால் இளப்பம் என்று யார் எழுதி வைத்தார்களோ!

இந்த வழக்கம் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. மகாராஷ்டிரத்திலே ஒரு தகப்பனார், டாக்டராக இருக்கிற மகளிடம் ஜீவனாம்சம் கேட்டார். அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 125-ஆவது பிரிவு. மகள் தரப்பு என்ன வாதாடியது தெரியுமா? சட்டத்திலே 'அவனுடைய தந்தை, அவனுடைய தாய்' என்றுதான் இருக்கிறது, 'அவளுடைய' என்று இல்லை, ஆகவே மகளுக்குப் பொறுப்பு இல்லை என்று. நண்பரே, அச்சு அசல் உங்கள் வாதம்! (சிரிப்பு) 1987-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வசதியுள்ள மகள், கல்யாணமான மகளே ஆனாலும், தங்களைக் காத்துக்கொள்ள முடியாத பெற்றோரைக் காப்பாற்றக் கடமைப்பட்டவள் என்று தீர்ப்புச் சொன்னது.

இதிலே ஒரு வேடிக்கை இருக்கிறது, தாய்மார்கள் கவனிக்கணும். அப்பா சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்திலே இந்து மகளுக்கு 1956 முதலே பங்கு உண்டு. பூர்வீகச் சொத்திலே, மகனைப் போலப் பிறப்பாலே வருகிற உரிமை? தமிழ்நாட்டிலே 1989-ல்தான் வந்தது. அதுவும் அதற்கு முன்னாலேயே கல்யாணமாகிப் போனவளுக்குக் கிடையாது. 2005-ல்தான் நாடு முழுதும் எல்லா மகள்களுக்கும் என்று திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா, வேண்டாமா என்ற வழக்கு 2020-ல்தான் முடிந்தது, வேண்டியதில்லை என்று. ஆக, கல்யாணமான மகளைக் கடமைக்கு 1987-லேயே கூப்பிட்டுவிட்டார்கள். பங்குக்குக் கூப்பிட மேலும் பதினெட்டு வருஷம்!

நடுவர் மணியைப் பார்க்கிறார். என் வீட்டுக் கதை ஒன்று, சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா அரிசி மில்லிலே கணக்குப்பிள்ளை. டவுன் பள்ளிக்கூடத்துக்கு என்னை சைக்கிளிலே கூட்டிப்போவார். கேரியர் கம்பி குத்தாமல் இருக்கத் தன் துண்டை நாலாக மடித்துப் போடுவார். பதினோராம் வகுப்பு வரைக்கும் அந்தத் துண்டு. "பொட்டப்புள்ள படிப்புக்குக் கொட்டுற காசுல ரெண்டு வளையலாவது செய்யலாமே" என்று பெரியப்பா கேட்டபோது, "படிப்பை அடகு வைக்க முடியாதுண்ணே" என்று மட்டும் சொன்னார்.

அம்மா போனபிறகு தனியாக இருந்தார். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலே அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட நான் போனால், "பையன் யாரும் வரலையா?" என்று கேட்டார்கள். "ஒரே பொண்ணுங்க" என்றேன். கல்யாணமானவளா, வீட்டுக்காரர் எங்கே என்றார்கள். கட்டிலிலிருந்து அப்பா கையைத் தூக்கினார். "இவ போடட்டுங்க. என் மகதான்" என்றார்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வந்தாரே தவிர, விருந்தாளியாகத்தான் இருந்தார். வைத்ததைச் சாப்பிடுவார், மறுசோறு கேட்க மாட்டார். மாசம் பிறந்தால் சாமி படத்துக்கு அடியிலே ஐந்நூறு ரூபாய் மடித்து வைத்திருப்பார், சாப்பாட்டுக்காம்! முதல் மாதம் அழுதேன். இரண்டாம் மாதம் சண்டை போட்டேன். அப்புறம் எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். அவரும் விடவில்லை, ஏழு மாதம் வைத்தார். படம் சுவரை விட்டு முன்னால் சாய்ந்துவிட்டது. (சிரிப்பு)

எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. மிளகு ரசம் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர், மாமியார், பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தலையைத் தூக்கி, "அம்மாடி, இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊத்து. கொஞ்சம் சோறும் போடு" என்றார்.

நான் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். மாமியார்தான், "ஊத்தும்மா, அப்பா கேக்குறாருல்ல" என்றார்.

அந்த மாசம் படத்துக்கு அடியிலே ரூபாய் இல்லை. (கைதட்டல்)

மணி அடித்துவிட்டார் நடுவர்.