முன்னணி இசை, றொக், சினிமா: ஓர் இசை ரசிகனின் அபிப்பிராயங்கள்

மேல்நாட்டு இசையில் ‘அவாங் கார்ட்’ என்று ஒரு வகை உண்டு. படைக்கு முன்னே செல்லும் அணியைக் குறித்த பிரெஞ்சுத் தொடர் இது. தமிழில் முன்னணி இசை என்று சொல்லிக்கொள்ளலாம். மெட்டில்லை, தாளமில்லை, வெறும் இரைச்சல் என்று சாஸ்திரீய இசை கேட்பவர்களே இதை ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் இதே இசை றொக் பாட்டினுள்ளும் திரைப்படத்தினுள்ளும் வரும்போது இலட்சக்கணக்கானோர் முகஞ்சுளிக்காமல் கேட்கிறார்கள். அப்படிக் கேட்கப்படுவதால் அந்த இசைக்கு நன்மையா, தீமையா? இதுபற்றி எனக்குள்ள அபிப்பிராயங்களை இன்று நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வானொலியில் பேசுவதால் ஒன்றை முதலில் சொல்லவேண்டும். இந்த இசையின் ஒரு கிளை வளர்ந்ததே வானொலிக் கலையகங்களில்தான். 1948இல், பிரெஞ்சு வானொலியில் பணியாற்றிய பியர் ஷேஃபர், புகைவண்டி ஓசைகளைத் தட்டுகளில் பதிவுசெய்து, அவற்றை மீளமீளச் சுழலவிட்டு, ஓர் ஆக்கமாக்கி ஒலிபரப்பினார். 1956இல் ஜேர்மனியின் கொலோன் நகர வானொலிக் கலையகத்தில் ஸ்ரொக்ஹோசன், ஒரு சிறுவனின் குரலையும் மின்னொலிகளையும் பிரித்தறிய முடியாதபடி பிணைத்துக் காட்டினார். பார்ப்பதற்கு அங்கே எதுவுமில்லை. காது மட்டுமே வேலைசெய்ய வேண்டியிருந்தது.

றொக் இசைக்காரர்கள் இதை விளையாட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். அது நல்லதென்றே நினைக்கிறேன். 1966இல் பீற்றில்ஸ் குழுவினரின் ‘டுமோரோ நெவர் நோஸ்’ பதிவுக்காக போல் மக்கார்ட்னி வீட்டிலிருந்து ஒலிநாடா வளையங்களைக் கொண்டுவந்தார். நாடாத் துண்டின் இரு நுனிகளையும் ஒட்டிவிட்டால் ஒரே ஓசை ஓயாமல் திரும்பத் திரும்ப வரும். கடற்பறவை கத்துவது போன்ற அந்தச் சத்தம் அப்படி வந்ததுதான். மறுவருடம் வெளியான ‘சார்ஜன்ற் பெப்பர்’ இசைத்தட்டின் உறையில் ஸ்ரொக்ஹோசனின் முகமும் இடம்பெற்றது.

அதே தட்டில் ‘ஏ டே இன் த லைஃப்’ என்ற பாட்டு இருக்கிறது. நாற்பது வாத்தியக்காரர்களை அமர்த்தி, ஒவ்வொருவரும் தத்தம் வாத்தியத்தின் அடிச்சுரத்திலிருந்து உச்சத்துக்கு இருபத்துநான்கு தாளக்கட்டுக்குள் ஏறவேண்டும், பக்கத்திலிருப்பவரைக் கேட்கக்கூடாது என்றார்கள். சேர்ந்து வாசிக்கவே வாழ்நாள் முழுவதும் பழகியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஆனாலும் அந்த எழுச்சி பாட்டின் எலும்பாகவே நிற்கிறது. 1968இல் வெளிவந்த ‘ரெவலூஷன் 9’ஐப் பற்றி அப்படிச் சொல்லமாட்டேன். எட்டு நிமிடங்களுக்கு மேல் ஓடும் அந்த ஒட்டுவேலையில், எப்போது பாட்டு வரும் என்று காத்திருப்பதே மிஞ்சுகிறது.

சினிமாவின் கதை வேறு. அங்கே நான் சற்று நின்று பேசவேண்டும்.

ஸ்ரான்லி கியூப்ரிக்கின் ‘2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி’ 1968இல் வெளிவந்தது. அலெக்ஸ் நோர்த் என்ற இசையமைப்பாளர் அதற்கென எழுதிய இசையை கியூப்ரிக் ஒதுக்கிவிட்டு, முன்பே பதிவாகியிருந்த இசையைச் சேர்த்துக்கொண்டார். ஸ்ட்ராவுஸின் வால்ஸ் நடன இசை எல்லோருக்கும் நினைவிருக்கும். மற்றது கியோர்கி லிகெற்றியுடையது. அவருடைய நான்கு ஆக்கங்கள் படத்தில் வருகின்றன. முன்கூட்டி அவருக்குத் தெரியாமலே அவை பயன்படுத்தப்பட்டன. ஒன்றைத் திரித்தும் இருந்தார்கள். அவர் கோபங்கொண்டது நியாயமே. ஆயினும் படத்தை அவர் மெச்சினார். அவருடைய பெயர் எனக்கு அறிமுகமானதும் இந்தப் படத்தினால்தான்.

லிகெற்றியின் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல குரல்கள் ஒரே இழையைச் சிறுசிறு கால வித்தியாசத்துடன் பாடும். எந்தக் குரலும் தனியே கேட்காது. புகை மெல்ல நிறம் மாறுவது போன்ற ஓர் ஒலித்திரள் மாத்திரம் காதில் விழும். படத்தில் அந்தக் கரும்பாளம் தோன்றும் இடங்களில் ஒலிப்பது அவருடைய ‘ரெக்குவியம்’ என்னும் இறந்தோர் பூசையிசையின் ஒரு பகுதி. 1963 முதல் 1965 வரை எழுதியது.

எனது மனக்குறை இங்கேதான். ட்ரான்ஸில்வேனியாவில் 1923இல் பிறந்த இந்த யூதரின் தந்தையும் தம்பியும் நாஜி முகாம்களில் மாண்டவர்கள். தாய் அவுஷ்விற்சிலிருந்து உயிருடன் மீண்டார். 1956இல் ஹங்கேரியில் எழுச்சி நசுக்கப்பட்டபின் இவர் எல்லையைக் கடந்து தப்பி, அதே கொலோன் கலையகத்தை வந்தடைந்தார். அப்படிப்பட்டவரின் இறந்தோர் பிரார்த்தனை, விண்வெளியில் ஒரு மர்மப் பொருளின் அடையாள ஒலியாகிவிட்டது. பிறகு வந்தவர்கள் இன்னும் மலிவாக்கினார்கள். போலந்துக்காரரான பென்டரெட்ஸ்கியின் இசை ‘த எக்ஸோர்சிஸ்ற்’ (1973), ‘த ஷைனிங்’ (1980) ஆகிய படங்களில் அச்சத்துக்கு உதவியது. அவற்றைப் பார்த்துப் பலர் போலி செய்ததன் விளைவு, வயலின்கள் நெருங்கிய சுரங்களில் முனகினாலே பேய் வரப்போகிறது என்று நம் காது தீர்மானித்துவிடுகிறது. துக்கம், வியப்பு, அமைதி எல்லாம் இந்த இசையில் உண்டு. சினிமா பெரும்பாலும் ஒன்றையே எடுத்துக்கொண்டது.

கியூப்ரிக் இல்லாவிட்டால் இத்தனை பேர் கேட்டேயிருக்கமாட்டார்களே என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் படத்துடன் கேட்டவர்கள் படமில்லாமலும் ஒருமுறை கேட்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள். லிகெற்றியின் ‘அற்மொஸ்ஃபியர்’ ஒன்பது நிமிட அளவிலான ஆக்கம். 1961 ஒக்ரோபரில், ஜேர்மனியின் டொனவ்எஷிங்கன் என்ற சிற்றூரின் இசைவிழாவில், ஹான்ஸ் றொஸ்பவுட் அதை முதன்முறையாக நடத்தினார். அன்று திரை இல்லை, விண்கலம் இல்லை. சபையோர் விரும்பியதால் அது அங்கேயே இரண்டாம் முறையும் வாசிக்கப்பட்டது.